சுங்குவார்சத்திரத்துப் பச்சை வாளிப் போர்

வாழ்க மதிவதனி! போர்ஷன் பதினொன்றின் பேரரசி, அன்புவின் அருமை மனையாட்டி, மின்னணுப் பலகையின்மேல் மயிரிழைக் கீறல் விழுந்திருந்தாலும் விடாது பிடிக்கும் கூர்விழியாள், க்யூ.சி. என்னும் தரச்சோதனை மேசையின் குலவிளக்கு, ஆறு மாதக் கருவைச் சுமந்தபடி இரண்டு மாடிப் படிகளை நாளொன்றுக்கு ஒன்பது முறை ஏறி இறங்கும் தோலாத் தாளினள், ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் சுங்குவார்சத்திரத்தில் ஆற்றிய அரும்போரைப் பாட வந்தோம். ஆனைமுகத்தானே, துணை நில். கலைமகளே, சொல் தா. தண்ணீர் மோட்டாரே, இந்தப் பாட்டு முடியும்வரை நீயும் நின்றுவிடாமல் ஓடு.

முதலில் போர்க்களத்தைச் சொல்வோம். நெடுஞ்சாலையை விட்டு இரண்டு டீக்கடை தாண்டி உள்ளே போனால், பாண்டுரங்கன் என்னும் குறுநில மன்னரின் கோட்டை. முன்னொரு காலத்தில் அது ஐந்து சென்ட் வேர்க்கடலைக் கொல்லை. ஆலைகள் வந்தன, ஆலைகளுக்கு ஆட்கள் வந்தார்கள், ஆட்களுக்குத் தலைசாய்க்க இடம் வேண்டியிருந்தது. கடலை போய்க் காங்கிரீட் முளைத்தது. தரைத்தளம் நிரம்பியதும் முதல் தளம், முதல் தளம் நிரம்பியதும் அடுத்த தளம், என்று விண்ணை நோக்கி வளர்ந்த அக்கோட்டையில் இன்று பதினாறு போர்ஷன்கள். ஒவ்வொன்றும் பத்துக்குப் பத்து. கட்டிலைப் போட்டால் பீரோ வெளியே நிற்கும், பீரோ உள்ளே வந்தால் புருஷன் வெளியே நிற்பான். வாடகையும் மாடிகளோடு போட்டி போட்டுக்கொண்டு ஏறியது. ஏறாதது குளியலறை ஒன்றுதான். கடலைக்கொல்லைக் காலத்துக்கு அடுத்து முதன்முதலாகக் கட்டிய இரண்டோடு மன்னரின் கொடை முடிந்துவிட்டது. அந்த இரண்டிலும் ஒன்றில், இனிமேல் எழப்போகும் மூன்றாம் தளத்துக்கான சிமென்ட் மூட்டைகள் மழைக்கு நனையாமல் சுகமாக அடுக்கப்பட்டிருந்தன. ஆக, பதினாறு குடிகளுக்கும் கழிப்பறையும் குளியலறையுமாகத் தரைத்தளத்தில் இருந்தது ஒரே ஒரு அறை.

அந்த அறையை ஆண்டது வாளிச் சட்டம். எழுதாத சட்டம், ஆனால் யாரும் மீறாத சட்டம். காலை ஐந்து மணிக்கு வாளியைக் கொண்டுபோய், ஐந்தே முக்காலுக்குத் திறக்கும் கதவின் முன் வரிசையில் வைத்துவிட்டால், வைத்தவர் போய் அடுப்பைப் பார்க்கலாம், தலைவாரலாம், இன்னொரு கோழித் தூக்கம் போடலாம். வாளிதான் ஆள். முன்வாளி உள்ளே போனால் பின்வாளி ஒரு அடி நகரும். நகர்த்துவது யாராக இருந்தாலும் நியாயம் தவறாமல் எல்லா வாளியையும் நகர்த்த வேண்டும். மாமியார் மருமகளை நம்பாத வீடுகளில்கூட வாளியை நம்பினார்கள்.

இந்தத் தருமராச்சியத்துக்குச் சோதனை ஆயுத பூஜை வடிவில் வந்தது. பதினாறு போர்ஷனிலும் ஒருவராவது ஒரே கம்பெனியில் வேலை பார்த்தார்கள். கம்பெனியோ அந்த வருடம் இனிப்புப் பெட்டியோடு ஆளுக்கொரு பச்சை வாளியும் பச்சை மக்கும் கொடுத்தது. அதே பச்சை, அதே உயரம், அதே மூடி. வரிசையில் பதினாறும் நின்றபோது கம்பெனி யூனிஃபார்மில் ஆட்களே நிற்பதுபோல் இருந்தது. ஆகவே குடிகள் கூடிப் பேசி, ஒவ்வொருவரும் கைப்பிடியில் ஒரு கொடி கட்டினார்கள். ஒருவருக்குச் சிவப்பு ரிப்பன், ஒருவருக்குப் பழைய புடவைக் கிழிசல், ஒருவருக்கு அறுந்துபோன ஐடி கார்டு கயிறு. மதிவதனியின் கொடி நீல நூல்.

இனி, நம் தலைவி எதற்காகப் போர் தொடுத்தாள் என்பதைக் கேளுங்கள். நடுவயிற்றில் பிள்ளை உதைக்க உதைக்க, படியிறங்கி வந்து, மறுபடி ஏறத் தெம்பில்லாமல், பத்து வாளிக்குப் பின்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது எவ்வளவு கொடுமை என்று நின்றவளுக்குத்தான் தெரியும். சில நாள் அழுகையே வந்துவிடும். குழந்தை பிறக்கும் முன்னே வீட்டுக்குள்ளேயே குளியலறை உள்ள வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று சபதம் எடுத்தாள். அவளும் அன்புவும் தண்டலம் தேடினார்கள், ஒரகடம் தேடினார்கள். வாடகையைக் கேட்டு அன்புவுக்கு வேர்த்தது, முன்பணத்தைக் கேட்டு அவளுக்கு மயக்கம் வந்தது. கடைசியில் வடக்குப்பட்டில், புதுச் சுண்ணாம்பு வாசம் போகாத கட்டடத்தில், ஒரு போர்ஷன் கிடைத்தது. உள்ளே போய்ப் பார்த்தாள். கூடத்தின் ஓரத்தில், வீட்டுக்குள்ளேயே, அன்னப்பறவைப் படம் போட்ட பிவிசி கதவு. அந்தக் கதவைக் கண்டதும் அவள் கண் நிறைந்துவிட்டது. 'இந்த வீடுதான்' என்று அங்கேயே சொல்லிவிட்டாள்.

வீட்டுக்காரி காவேரி கறாரான பெண்மணி. வெள்ளிக்கிழமை ஏழரைக்குள் வந்து பால் காய்ச்சினால் சாவி மதிவதனிக்கு. இல்லாவிட்டால் அடுத்துக் கேட்டவர்களுக்கு. அடுத்துக் கேட்டவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். குளிக்காமல் போய்ப் பால் காய்ச்ச முடியாது. அதுவும் வயிற்றுப் பிள்ளைக்காரி, அதுவும் வெள்ளிக்கிழமை, அதுவும் காவேரி மூக்கைத் தூக்கி முகர்ந்து பார்க்கக்கூடியவள்.

ஐந்து மணிக்கு வாளியோடு இறங்கினாள் மதிவதனி. முன்னால் ஒரே ஒரு வாளி. கேன்டீனில் வேலை செய்யும் ராஜம்மாவுடையது. இரண்டாமிடம் என்றால் ஆறேகாலுக்குள் குளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, மனம் குளிர்ந்து மேலே போனாள்.

மற்றப் பதினான்கு வாளிகளும் வந்து சேர்ந்த அந்த இடைவெளியில்தான் விதி, பாண்டுரங்கனின் கையில் துடைப்பமாக எழுந்தது. வெள்ளிக்கிழமைதோறும் வாசலைக் கழுவிச் சாம்பிராணி போடுவது மன்னரின் நோன்பு. வழக்கமாக வாளிகளைச் சுற்றிக் கழுவுகிறவர், அன்று பக்தி மிகுந்து, அவற்றையெல்லாம் தூக்கி ஓரமாக வைத்துக் கழுவினார். கழுவிய இடத்தில் அழுக்குத் துணியும் நூலுமாக வாளிகள் நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. கொடிகள் அனைத்தையும் அவிழ்த்துக் குப்பையில் போட்டார். மூடியெல்லாம் துடைத்தார். பிறகு பதினாறு வாளியையும் கைக்கு வந்தபடி வரிசையாக அடுக்கிவிட்டு, செய்த காரியத்தின் அழகைச் சற்றுநேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

ஐந்தே முக்காலுக்கு மூண்டது போர். முதல் ஷிப்டுக்காரர்கள் துண்டை வாளாகத் தோளில் சாய்த்து இறங்கினார்கள். சோப்பு டப்பாக்கள் கேடயமாயின. போர்ஷன் நான்கின் பாபு, எந்நாளும் பன்னிரண்டாவதாக வருகிறவன், முதல் வாளி தன்னுடையது என்று முழங்கினான். மேல்தளத்துக் கலைமதி அதே வாளியின் மறுபக்கக் கைப்பிடியைப் பற்றினாள். ராஜம்மா இருவரையும் விலக்கிக்கொண்டு நடுவில் நின்றாள். தேர் முறியவில்லை, ஆனால் இரண்டு மக்குகள் முறிந்தன. குருதி சிந்தவில்லை; ஒரு பாக்கெட் ஷாம்பு சிந்தி, அதில் வழுக்கி ஒருவர் சிமென்ட் அறைக் கதவோடு மோதினார். பதினைந்து பேரும் ஒரே வாளிக்கு உரிமை கொண்டாட, கதவு திறந்தே கிடக்க, குளிக்க ஒருவரும் உள்ளே போகவில்லை. சத்தம் கேட்டு வந்த பாண்டுரங்கன், தூய்மை செய்ததற்கு இதுதான் நன்றியா என்று மனம் நொந்தார்.

மணி ஆறேகால். வாசலுக்கு வெளியே, இரவு ஷிப்டு முடிந்து நேரே வந்திருந்த அன்பு, பைக்கில் பால் பாக்கெட்டோடு காத்திருந்தான். பால் வேர்த்துக்கொண்டிருந்தது, அவனும்தான்.

அப்போது படியிறங்கி வந்தாள் நம் தலைவி. ஒரு கை இடுப்பில், மறு கை கைப்பிடிச் சுவரில். களத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு, கன்வேயரில் வரும் பலகைகளைப் பார்ப்பதுபோல, வாளிகளை முதலிலிருந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். உலகத்தார் கண்ணுக்குப் பதினாறும் ஒன்று. ஆனால் மாதக்கணக்காக அந்த வரிசையில் வேறு வேலையில்லாமல் நின்ற க்யூ.சி. கண்ணுக்கு அவை பதினாறும் பதினாறு. அவள் கையை உயர்த்தினாள், களம் அடங்கியது.

"பாபு அண்ணா, உங்களுது அதோ, ஒன்பதாவது. அடியில பிசிறு கீது பாருங்க. கலைமதி, உன் வாளிக்கு மூடி ஒரு பக்கம் தூக்கிக்கினு இருக்கும். இது அறிவுமதி வூட்டுது, கைப்பிடி ஓரம் வெள்ளையா ஒரு கோடு ஓடும்."

புரட்டிப் பார்த்தார்கள். பிசிறு இருந்தது. மூடி தூக்கிக்கொண்டிருந்தது. வெள்ளைக்கோடு ஓடியது. ஒவ்வொருவரும் தத்தம் வாளியைத் தொலைந்த பிள்ளையைப்போல் வாங்கிக்கொண்டு, காலையில் வைத்த இடத்தில் தலைகுனிந்து வைத்தார்கள். பாபு பன்னிரண்டாம் இடத்துக்குத் தானாகவே போனான்.

எஞ்சியவை இரண்டு வாளிகள், ராஜம்மாவுடையதும் அவளுடையதும். அவற்றுள் முதலாமிடத்து வாளி எது என்று அவள் சொன்னால் அதுதான் தீர்ப்பு, கேட்க ஆளில்லை. மணி ஆறரை. ராஜம்மா உள்ளே போனால் இருபது நிமிடத்துக்குக் குறைந்து வரமாட்டாள் என்பது ஊரறிந்தது. பொய் நாக்கின் நுனிவரை வந்தது, அதை மறைப்பானேன். ஆனால் பழுதான பலகையை ஒருநாளும் பாஸ் செய்து அனுப்பாத கை அது.

"இதான் முதல் வாளி. ராஜம்மாக்கா உங்களுது. உள்ளே சின்னதா ஒரு கொப்புளம் கீது."

ராஜம்மா வாளியைப் பார்த்தாள். வாசலில் நின்ற அன்புவைப் பார்த்தாள். அவன் கையில் பால் பாக்கெட்டைப் பார்த்தாள். கடைசியாக அந்த வயிற்றைப் பார்த்தாள்.

"வூடு கெடச்சுதா உனக்கு? சொல்ல மாட்டியா. போ, நீ முன்னாடி போ. புள்ளத்தாச்சிய நிக்கவச்சுட்டு நான் குளிச்சு இன்னா ஆவப் போவுது."

வாளிச் சட்டம் தோன்றிய நாள்முதல், முதலிடத்தை ஒருவர் இன்னொருவருக்கு மனமுவந்து தந்தது அன்றுதான். வானவர் பூமாரி பொழிந்திருக்க வேண்டும். மேல்தளத்தில் காயப்போட்ட துணியிலிருந்து சில சொட்டு நீர் விழுந்தது. நான்கே நிமிடத்தில் நீராடி, ஈரக்கூந்தல் முதுகில் புரள, பால் பாத்திரம், மஞ்சள், உப்பு, கற்பூரம், சர்க்கரை அனைத்தையும் அந்தப் பச்சை வாளிக்குள்ளேயே வைத்துக்கொண்டு, கணவனின் இரும்புப் புரவியில் ஒருக்களித்து ஏறினாள். பதினைந்து குடிகளும் வாசல்வரை வந்து வழியனுப்பின. லாரிகளைக் கடந்து, கன்டெய்னர்களைக் கடந்து, ஒவ்வொரு வேகத்தடையிலும் வயிற்றைப் பிடித்தபடி பறந்து, ஏழு இருபத்தாறுக்கு வடக்குப்பட்டை வென்றடைந்தாள்.

புதுவீட்டில் அடுப்பு மூண்டது. பால் பொங்கியது. பொங்கி வழிந்ததைக் கண்டு காவேரியின் கறார் முகமும் இளகியது, சாவி கைமாறியது. அன்பு ஒரு மிடறு பால் குடித்துவிட்டுச் சுவரோரம் சாய்ந்தபடியே தூங்கிப்போனான். எத்தனை மாடிப்படி, எத்தனை வாளி, எத்தனை விடியல்! எல்லாவற்றுக்கும் ஈடாகக் கூடத்தின் ஓரத்தில் அந்த அன்னப்பறவை சிறகு விரித்து நின்றது. பயணம் முழுதும் அடக்கிக்கொண்டு வந்த கர்ப்பிணியான வீராங்கனை, வாளியைக் கையில் எடுத்தாள். இனித் தான் எவர் பின்னும் நிற்கப்போவதில்லை என்ற பெருமிதத்தோடு, ஒரு நாளில் எண்ணூறு பலகையைத் திருப்பிப் பார்க்கும் கண்கள் ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத அந்தக் கதவைத் திறந்தாள்.

கதவுக்கு அப்பால் மூன்றடிச் சந்து. சந்தின் முடிவில், அடுத்த போர்ஷனிலிருந்தும் இதே சந்துக்கு ஒரு அன்னப்பறவைக் கதவு. நடுவில் குளியலறை. அது உட்பக்கம் தாழிட்டிருந்தது, உள்ளே மக்குச் சத்தம் கேட்டது. அதன் வாசலில், மூடி போட்டு, அடுத்த முறைக்காக ஒரு பச்சை வாளி காத்திருந்தது.

"ரெண்டே வூட்டுக்குத்தாம்மா அது," என்றாள் பின்னால் வந்து நின்ற காவேரி. "அன்னிக்கே தொறந்து பாத்துருப்பேன்னு நெனச்சேன்."

மதிவதனி தன் வாளியை அதற்குப் பின்னால் வைத்தாள்.