ஃபிக்ஸுக்கு மேலே கன்ஃபார்ம்

இட்லியை வாயில் வைத்த நேரத்தில் குவார்ட்டர்ஸ் வாசலில் ஹாரன் அலறியது. தெய்வசிகாமணி எட்டிப் பார்த்தார். லோடு ஆட்டோவிலிருந்து இன்ச் டேப்பும் கையுமாக ஒருவர் இறங்கினார்.

"முத்தாண்டிக்குப்பம் அமிர்தம்மா அனுப்பிச்சாங்க. கல்யாண ஹால் ஃபிக்ஸ் ஆயிடுச்சாமே. மேடை அலங்காரத்துக்கு அளந்துக்கினு போவலாம்னு வந்தேன்."

தெய்வசிகாமணி இட்லித் தட்டைக் கீழே வைத்தார். ஹால் ஃபிக்ஸ் ஆகவில்லை. சொல்லப்போனால், கல்யாணமே இன்னும் ஃபிக்ஸ் ஆகவில்லை.

தலை நரைக்கிற வரைக்கும் சுரங்கத்தில் கான்ட்ராக்ட்டாக இருந்து பெர்மனன்ட் ஆனவர் தெய்வசிகாமணி. ஒரு விஷயம் எந்த அளவுக்கு இறுகியிருக்கிறது என்று சொல்ல இங்கிலீஷை விட்டால் வழியில்லை என்பது அவர் கட்சி. 'ஓகே' என்றால் பால், எப்போது வேண்டுமானாலும் திரியலாம். 'செட்' என்றால் தயிர், ஆட்டாமல் வைத்திருக்க வேண்டும். 'ஃபிக்ஸ்' உறைந்த நெய், வெயில் பட்டால் போச்சு. 'கன்ஃபார்ம்'தான் சிமென்ட். 'பெர்மனன்ட்' கருங்கல். தமிழில் இத்தனைக்கும் சேர்த்து 'முடிஞ்சிடுச்சு' என்று சொல்லிவிடுகிறார்கள், அதை நம்பி யார் பத்திரிகை அடிப்பது என்று கேட்பார்.

மகள் இசைப்பிரியாவுக்கு வந்த வரன் சிங்கப்பூரில் வேலை, பெர்மனன்ட். ஆவணியில் ஒரு வாரம்தான் லீவு. அதில் ஞாயிறு ஒன்றுதான் முகூர்த்தம். மாப்பிள்ளையின் அம்மா அமிர்தம், ஹால் கன்ஃபார்ம் ஆனால்தான் கல்யாணம் கன்ஃபார்ம் என்றார். ஹால் ஆபீஸ் தனகோட்டியோ கல்யாணம் கன்ஃபார்ம் ஆனால்தான் ஹால் கன்ஃபார்ம் என்றார். நடுவில் மாட்டிக்கொண்டவர் முந்தாநாள் அமிர்தத்திடம் ஹால் ஃபிக்ஸ் என்று ஒரு படி ஏற்றிச் சொல்லிவைத்தார். அதன் பலன்தான் வாசலில் டேப்போடு நிற்கிறது.

ஹாலில் வெள்ளையடிக்கிறார்கள், நாளைக்கு வாருங்கள் என்று சமாளித்து அனுப்பினார். ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள் அமிர்தத்திடமிருந்து போன். நமக்காகவா வெள்ளையடிக்கிறார்கள், என்ன கலர் என்று சந்தோஷமாக விசாரித்தார். சாயந்திரம் உறவுக்காரர்களோடு வேனில் வந்து பார்க்கப் போவதாகவும் சொன்னார்.

"பொண்ணை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் மனைவி திலகவதி.

"கன்ஃபார்ம் ஆவட்டும், கேட்டுக்கலாம்."

"கன்ஃபார்ம் ஆன பெறகு கேக்கறதுக்கு என்னங்க இருக்குது?"

தெய்வசிகாமணி சட்டையை மாட்டிக்கொண்டு ஹால் ஆபீஸுக்கு ஓடினார். தனகோட்டியிடம் கல்யாணம் கன்ஃபார்ம் என்று துணிந்து அடித்துவிட்டார். தனகோட்டி எழுந்து கை கொடுத்தார். சுரங்கத்துக் கேன்டீனுக்குப் போன் போட்டு நல்ல செய்தியையும் சொன்னார். அதன் பிறகுதான், அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பையன் ஏற்கெனவே இடம் பிடித்து வைத்திருக்கிறான் என்றும், அவன் விட்டுக்கொடுத்தால்தான் உண்டு என்றும் இழுத்தார்.

செல்போன் அடித்தது. திலகவதி.

"பிளாக் மொத்தமும் வாழ்த்து சொல்ல வந்து நிக்குது. பக்கத்து வூட்டு சந்திரகலா தாம்பாளத்தோட வந்திருக்காங்க. எம் பொண்ணு கல்யாணத்தை எனக்கே அவங்கதான் சொல்றாங்க. காபிக்குப் பால் வாங்கியாங்க."

தெய்வசிகாமணி போனை வைத்தார். சாயந்திரம் வேன் வந்து நிற்கும்போது ஹால் கையில் இல்லாவிட்டால் வரனும் போகும், பிளாக்கில் மானமும் போகும். அந்தப் பையனை உடனே வரவழைக்கச் சொல்லிக் கெஞ்சினார்.

பையன் வந்தான். பெயர் அருண்ராஜ். கம்மாபுரத்துக்காரன், சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். தெய்வசிகாமணியைப் பார்த்ததும் அவனுக்குக் குப்பென்று வியர்த்தது.

"உனக்குக் கல்யாணம் கன்ஃபார்மா தம்பி?"

"இல்லைங்க. பொண்ணு வூட்டுல இன்னும் கேக்கவே இல்லைங்க. ஹாலைப் பிடிச்சு வெச்சா கேக்கறதுக்கு தைரியம் வரும்னு நெனச்சேன்."

"வந்துச்சா?"

"இல்லைங்க. அவங்கப்பா ரொம்ப இறுக்கமான ஆளு. நான் கான்ட்ராக்ட்டுங்க."

அப்பா ஒத்துக்கொண்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். அவர் சொல்லும் கோயிலில், அவர் சொல்லும் தேதியில் தாலி கட்டிக்கொள்வேன், ஹாலே வேண்டாம் என்றான். மாட்டேன் என்றுவிட்டால்? அப்போதும் ஹால் எதற்கு என்றான்.

தெய்வசிகாமணிக்கு உயிர் வந்தது. எப்படிப் பார்த்தாலும் ஹால் தனக்குத்தான். இவன் போய்க் கேட்க வேண்டும், அவ்வளவுதான். பெண் யார், எந்த ஊர் என்று விசாரிக்கக்கூடப் பொறுமையில்லை. பையன் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"கான்ட்ராக்ட்னா என்ன தம்பி? எனக்குப் பொண்ணு கொடுக்கும்போது நான் பெர்மனன்ட்டா? குடும்பம் நடத்தலியா? வேலை என்னிக்காவது ஒரு நாள் பெர்மனன்ட் ஆவும். நல்ல பையன் கெடைப்பானா? உன்னைப் போய் வேணாம்னு ஒரு அப்பன் சொன்னா, அவன் மனுஷனே இல்லை. நான் சொன்னேன்னு சொல்லு."

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"தனகோட்டிதான் சாட்சி. பயமா இருந்தா நானும் கூட வர்றேன். அந்த ஆளு கன்ஃபார்ம்னு சொல்ற வரைக்கும் அவன் வாசலை வுட்டு நகர மாட்டேன். வண்டியை எடு, போவலாம்."

அருண்ராஜ் வண்டியை எடுக்கவில்லை. குனிந்து அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"எங்கயும் போவ வேணாங்க மாமா. 'எங்கப்பாகிட்ட நேரா கேட்டுடு'ன்னு இசைப்பிரியாவும் இதையேதாங்க சொல்லிக்கினு இருக்குது."