சிஐடி அண்ணனின் அரிப்பு

சேர்வராயன் மலையில் சூரியன் கிழக்கே உதிப்பதைக்கூட விசாரிக்காமல் ஒப்புக்கொள்ளாதவர் சிஐடி அண்ணன். ஏற்காட்டில் ஜீப் ஓட்டினார். நான் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனிஸ்ட். இருவருக்கும் ஒரே அறை. தினமும் குளித்ததும் தன் சோப்பைக் காகிதத்தில் வைத்து அளவு வரைந்துகொள்வார். நான் திருடித் தேய்க்கிறேனாம்.

அப்படிப்பட்டவருக்கு ஆணுறுப்பில் அரிப்பு வந்தது.

முதல் குற்றவாளி சோப்பு. அடுத்து, துணி வெளுக்கும் அக்கா. மூன்றாவது நான்.

"ஏங்கண்ணு, என்ர ஜட்டீல மொளகாப்பொடி தூவுனியா?"

"சாமி சத்தியமா இல்லீங்ண்ணா!"

நம்பவில்லை. அன்றுமுதல் ஜட்டிகள் ஜீப்பின் முன்கண்ணாடிக்குப் பின்னால் காய்ந்தன. சுற்றுலா வந்தவர்கள் ஏரியைப் பார்ப்பதா, அதைப் பார்ப்பதா என்று திணறினார்கள்.

மருந்துக்கடையில் கேட்டு ஏதோ கிரீம் வாங்கிப் பூசினார். இரண்டு நாள் சுகம். பிறகு தோல் வெடித்து, வீங்கி, சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தார். கொண்டை ஊசி வளைவுகளில் பாதி எழுந்து நின்றபடி ஜீப் ஓட்ட, பின்னாலிருந்தவர்கள் அலறினார்கள்.

"டாக்டர்கிட்டப் போலாமுங்ண்ணா."

"தப்புத்தண்டாவுக்குப் போயிட்டு வந்தவன்னு நெனைப்பாங்க கண்ணு. ஊருல, தலைச்சோலைல இருக்கற ஊட்டுக்காரிக்குத் தெரிஞ்சா நா உசுரோட இருக்க முடியுமா?" சண்டை போட்டுத்தான் இழுத்துப் போனேன்.

டாக்டர் பார்த்துவிட்டு, "தண்ணி நெறையா குடிக்கறீங்களா? அடிக்கடி ஒண்ணுக்குப் போறீங்களா?" என்றார்.

அண்ணன் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "நீ சொன்னியா?"

ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை ஏகத்துக்கும் ஏறியிருந்தது.

"இது பூஞ்சைத் தொற்றுங்க. சக்கரை கூடுனா இப்படி வரும். தப்புக்குப் போனாத்தான் வரோணும்னு இல்லீங்க. கண்ட கிரீமையும் போட்டு முத்த உட்டுட்டீங்க. அரிப்பு ஒரு வாரத்துல போகலீன்னாக் காட்டோணும். புண்ணு, வீக்கம், எரிச்சல்னா அன்னிக்கே வரோணும்."

அண்ணன் மெதுவாக, "அப்ப சோப்பு மேல தப்பில்லீங்களா?" என்றார்.

மருந்தும் மாத்திரையுமாகச் சில வாரங்களில் தேறினார். துணி வெளுக்கும் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. ஒரு காலை லாட்ஜ் வாசலில் ஜீப்பை நிறுத்தி, "மூஞ்சி வாடிக் கெடக்குது. ஏறு, சக்கரை பாக்கலாம்" என்றார்.

எனக்குச் சர்க்கரை இல்லை. அவர் லேபில் கொடுத்த சீட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம்பாமல் அடிவாரம் வரை கூட்டிப்போய் இன்னொரு லேபில் ஊசி குத்த வைத்தார். அங்கும் இல்லை.

மறுவாரம் சேலத்திலும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டேன்.