தகர மானும் வராத அலையும்

தரை அசையாமல் இருந்தால் எனக்கு நிற்கத் தெரியாது. அஞ்சாம் வகுப்போடு மீன் பிடிக்க வள்ளத்தில் ஏறியவன் நான். (பள்ளிக்கூடத் தரையும் கொஞ்சம் ஆடியிருந்தால் மேலே படித்திருப்பேனோ என்னவோ.)

ஜெசிந்தாவை எனக்குப் பேசிக்கொண்டிருந்த சமயம். தங்கச்சிமடம் கோயில் திருவிழாவுக்கு அவளுடைய அண்ணன் சேவியர் என்னை அழைத்திருந்தார். நான் வாயே திறப்பதில்லை என்பது அவருக்குக் குறை. அதனால் அவர் இன்னும் சம்மதம் சொல்லவில்லை.

திருவிழாக் கடைகளில் ஒன்று துப்பாக்கிக் கடை. பலூனுக்குப் பதிலாக, கம்பியில் ஒரு தகர மான் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தது.

"மாப்ள, பேசத்தான் வரல, இதையாவது சுடுங்க. மான் விழுந்துச்சுன்னா வார ஞாயிறே கோயில்ல ஓலை வாசிக்கச் சொல்லிருவோம்" என்றார் சேவியர். ஓலை என்ற கல்யாண அறிவிப்பை வாசித்துவிட்டால் எல்லாம் உறுதி. ஜெசிந்தா என்னையே பார்த்தாள். எனக்குக் காது சுட்டது.

"மூச்ச அடக்கி, ஆடாம நில்லுங்க" என்றார் கடைக்காரர்.

கடலில் அலை வள்ளத்தைத் தூக்கி, இறக்குவதற்கு முன் ஒரு நொடி எல்லாம் நின்றுபோகும். வலையை அப்போதுதான் வீசுவோம். நானும் அந்த நொடிக்காகக் காத்திருந்தேன். மான் போனது, வந்தது. அலை வரவில்லை. கரையில் இருப்பவர்கள் எதை வைத்துத்தான் நேரம் பார்க்கிறார்கள் என்று உண்மையிலேயே யோசித்தேன்.

"ஏலே, மாப்ள தூங்கிட்டாருடா!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

வேறு வழியின்றி அலையை நானே உண்டாக்கினேன். முழங்காலை மடக்கி மெல்ல ஆடினேன். துப்பாக்கி இடப்பக்கம் போனால் கூட்டம் வலப்பக்கம் சாய்ந்தது. கடைக்காரர் மேசைக்கு அடியில் போய்விட்டார். சரியான நொடி வந்ததும் சுட்டேன். பரிசுக்கு வைத்திருந்த சுவர்க்கடிகாரம் சிதறியது. மான் ஓடிக்கொண்டே இருந்தது.

"என்னா மாப்ள இது?" என்றார் சேவியர்.

"அலை... வரல" என்றேன். அன்று நான் பேசியது அவ்வளவுதான்.

"இவருக்கா நான் பொண்ணக் குடுக்கணும்? இங்கன பாருங்க, இப்படிப் பிடிக்கணும்" என்று துப்பாக்கியைப் பிடுங்கிக் குறி வைத்தார் சேவியர். அவரும் கடல்காரர்தான். சிறிது நேரத்தில் அவர் முழங்காலும் மடங்கியது. மெல்ல ஆடத் தொடங்கினார்.

"அய்யோ, இவருமா!" என்று மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"என்னண்ணே, ஒங்களுக்கும் அலை வரலையா?" என்றாள் ஜெசிந்தா.

சேவியர் துப்பாக்கியை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த ஞாயிறே ஓலை வாசித்தார்கள்.

இன்றைக்கும் படம் எடுக்க நான் செல்போனை உயர்த்தினால் போதும், "எல்லாரும் குனிங்கடா!" என்று கத்துவார் மச்சான் சேவியர். மொத்தக் குடும்பமும் தரையில் உட்கார்ந்துவிடும். எங்கள் வீட்டு விசேஷங்களில் நான் எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் சுவர் மட்டும் மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது.