அறுபத்தாறு கிலோ

முள் அறுபத்தாறில் நின்றது.

அவள் இறங்கினாள். செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினாள். அறுபத்தாறு. சட்டைப்பையிலிருந்த கத்தரிக்கோல், டார்ச், ரெண்டு பேனா, பாதி படித்து மடித்து வைத்த நோட்ஸ் எல்லாவற்றையும் எடுத்துப் பக்கத்துக் கட்டில்மேல் போட்டாள். மூச்சையும் வெளியே விட்டுவிட்டு ஏறினாள். முள் கொஞ்சம் ஆடியது, யோசித்தது, பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்தது.

"மூச்சுக்கு எடை கிடையாது சிஸ்டர்," என்றார் ஒன்பதாம் கட்டில்காரர்.

அவர் தையல்காரர். காசநோய். இருமலுக்கும் இருமலுக்கும் நடுவில் பேசுவார்.

"நீங்க சும்மா படுங்க. உங்க எடையைப் பார்க்கும்போது நான் ஏதாவது சொல்றேனா?"

"என் எடை ஏறுதே. சொல்லுங்களேன், கேட்டுக்கறேன்."

அவளுக்கு நர்சிங் கடைசி வருஷம். கூடப் படிக்கிறதுகள் வைத்த பேர் குண்டூசி. ஊசியும் போடுகிறாளாம், குண்டாகவும் இருக்கிறாளாம். இதை ஒரு பிள்ளை யோசித்து, நாற்பது பிள்ளைகள் சிரித்திருக்கின்றன. படிப்பு இருக்கிற இடத்தில் இவ்வளவுதான் புத்தி.

பேரைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். டியூட்டர் மேடம் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"நோயாளிக்கு உடம்பைப் பார்த்துக்கோன்னு சொல்றவ முதல்ல தன் உடம்பைப் பார்க்கணும். உன் உயரத்துக்கு அறுபத்திரண்டு. பன்னிரண்டு வாரம் டைம் தர்றேன். அதுக்கு மேல அரைக் கிலோ இருந்தாலும் டாக்டர்கிட்ட ஃபிட்னஸ் கையெழுத்து வாங்க உன்னை அனுப்ப மாட்டேன். கையெழுத்து இல்லேன்னா பரீட்சை இல்ல. வாராவாரம் உன் எடையையும் வார்டு ரிஜிஸ்டர்ல எழுது, நான் பார்ப்பேன்."

பரீட்சை இல்லையென்றால் ஒரு வருஷம் போச்சு. அவளுடைய அம்மா பஸ் டெப்போவில் கூட்டுகிறவள். "இன்னும் ஒரு வருஷம் என் முதுகு குனியும்டி, அதுக்கு மேல நான் கேட்டாலும் அது கேட்காது" என்று சொல்லியிருந்தாள். அந்த ஒரு வருஷம்தான் இந்த வருஷம்.

ஹாஸ்டலில் எடை பார்க்க ஒன்றுமில்லை. இருந்தது வார்டு மெஷின் ஒன்றுதான். பழசு. வட்டக் கண்ணாடி விரிசல் விட்டுப்போய், சைபரிலிருந்து இருபது வரைக்கும் பிளாஸ்திரி ஒட்டி மறைத்திருந்தது.

"ஏன் அண்ணே, சைபரே தெரியலையே?" என்று முதல் நாளே கேட்டாள்.

"சைபர் கிலோவுல யாரும்மா அட்மிட் ஆகறாங்க?" என்றார் வார்டு அண்ணன்.

அவர்தான் அந்த வார்டின் உதவியாள். கட்டிலைத் தள்ளுவது, பால் ஊற்றுவது, செத்தால் தூக்குவது எல்லாம் அவர். தினமும் காலையில் மெஷினை ஸ்டோரிலிருந்து அவரே தூக்கி வருவார். மேலே துடைப்பார், சாய்த்து வைத்து அடியிலும் துடைப்பார். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படித் துடைத்திருக்க மாட்டார்கள்.

அந்த வார்டில் எடைதான் எல்லாம். அரைக் கிலோ ஏறினால் வீட்டுக்குப் போகிற நாள் கிட்டே வந்துவிடும். குறைந்துபோனால் அந்த ஆளும் சாப்பிட மாட்டான், அடுத்த கட்டிலும் சாப்பிடாது. "பால் ஒழுங்கா குடுத்தியா இல்லையா?" என்று அண்ணனுக்கும் திட்டு விழும். நல்ல வேளை, அவள் வந்ததிலிருந்து யாருக்கும் குறையவில்லை. எல்லாருக்கும் ஏறியது. அவளுக்குத்தான் இறங்கவில்லை.

முதலில் காலைச் சாப்பாட்டை நிறுத்தினாள். ஏழு மணிக்கு டியூட்டி, பதினொன்றுக்கு வகுப்பு, மறுபடி வார்டு. சாப்பிட நேரமும் இல்லை என்பதால் அது சுலபமாகத்தான் இருந்தது. ஐந்தாம் நாள் டிரிப் ஸ்டாண்டைப் பிடித்தபடியே விழுந்தாள். ஸ்டாண்டும் விழுந்தது, பாட்டிலும் உடைந்தது.

டியூட்டர் மேடம் ஓடி வந்தாள். "பட்டினி கிடக்கச் சொன்னேனா? எடையைக் குறைன்னுதான் சொன்னேன்!"

ரெண்டும் வேறு வேறு என்று மேடம் படித்த புத்தகத்தில் போட்டிருக்கலாம். ஒரு வாரம் மேடம் பக்கத்தில் நின்று, டம்ளர் நிறைய சர்க்கரை டீயும் எட்டு பிஸ்கட்டும் சாப்பிட வைத்தாள். வார முடிவில் முள் அறுபத்தேழு.

"பார்த்தியா, தின்னது உடனே ஒட்டிக்கிச்சு," என்றாள் அதே மேடம்.

அடுத்தது படிக்கட்டு. லிஃப்டை விட்டுவிட்டு நாலு மாடியும் ஏறி இறங்கினாள். அவள் ஏறுகிறாள் என்று தெரிந்ததும் மருத்துவமனையே சும்மா உட்கார்ந்துகொண்டது. "குண்டூசி, இந்த ரத்தத்தை லேபுக்குக் குடுத்துடு." "குண்டூசி, மேல போறியா? போகலைன்னாலும் போ." ஒரு நாளைக்கு முப்பது தடவை. மாஸ்க் போட்டால் மூச்சு முட்டியது, கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு ஓடினாள். மூன்று வாரத்தில் முட்டி வீங்கி, உட்கார்ந்து பஞ்சு சுருட்டுகிற வேலைக்குப் போட்டார்கள்.

முள் அறுபத்தாறரை.

அப்புறம் ராத்திரிச் சாப்பாடும் போனது. வெள்ளரிக்காய், தண்ணீர், மறுபடி வெள்ளரிக்காய். மத்தியானம் இருந்தது, ஆனால் மத்தியானத்துக்கு ஏழு நிமிஷம்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் செய்தாள்.

"சாப்பிட்டியாடி?"

"ஆச்சும்மா."

"என்ன சாப்பிட்ட?"

"எல்லாம்தான்."

"பொய் சொல்லாத. உன் குரல்ல சதையே இல்ல."

"குரல்ல இல்லம்மா. மத்த இடத்துல நிறைய இருக்கு. மெஷின் சொல்லுது."

"மெஷினா உன்னைப் பெத்துச்சு?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

எட்டாம் வாரம். தையல்காரருக்கு மாத்திரை கொடுக்கக் குனிந்தவளை அவர் உற்றுப் பார்த்தார்.

"சிஸ்டர், தப்பா நினைக்காதீங்க. உங்க இடுப்பு மூணு அங்குலம் குறைஞ்சிருக்கு."

"உங்க வேலையைப் பாருங்க அங்கிள்."

"அதைத்தான் பார்க்கறேன். முப்பது வருஷமா அளவெடுக்கறவன். டேப் கூட வேணாம். தோள்ல தையல் கீழ இறங்கிக் கிடக்கு பாருங்க."

"லாண்டரியில இழுத்துட்டாங்க. மெஷின்ல அறுபத்தாறுதான் இருக்கு."

"அப்படியா? மெஷின் சொன்னா சரிதான்."

"உங்க பைஜாமாவும்தான் நழுவுது. முடிச்சு மேல முடிச்சா போட்டிருக்கீங்க."

"நாடா பழசு சிஸ்டர். நான்தான் ஆறு வாரமா ஏறிட்டே வர்றேனே."

இவர் உடம்பு கரைவது அவளுக்குத் தெரிகிறது, அவள் உடம்பு கரைவது இவருக்குத் தெரிகிறது. தன் உடம்பு மட்டும் ரெண்டு பேருக்கும் தெரியவில்லை, முள்தான் தெரிந்தது. கண்ணைக் குருடாக்குவதற்கு ஒரு நம்பர் போதும்.

"கழற்றிக் குடுங்க, பிடிச்சுத் தர்றேன்," என்றார். "கை சும்மா கிடந்தா எனக்கு இருமல் ஜாஸ்தியாகுது."

ரெண்டு நாள் கட்டிலில் உட்கார்ந்து யூனிபார்மைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தார். அவ்வளவு அழகாக ஒரு யூனிபார்ம் அந்தக் கல்லூரியில் இருந்ததில்லை. அதைப் போட்டுக்கொண்டு அவள் வராந்தாவில் நடந்தாள். எதிரே டியூட்டர் மேடம்.

"என்னடி இது! போன மாசம் தொளதொளன்னு இருந்துச்சு, இப்ப இப்படிப் பிடிச்சிருக்கு. ரெண்டு மாசத்துல இவ்வளவு பெருத்துட்டியா?"

"இல்ல மேடம், இது தைச்சது..."

"ரிஜிஸ்டர்ல அறுபத்தாறுதானே எழுதியிருக்க? அதுல வேற குறைச்சு எழுதறியோ?"

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடும் பாதியானது. இருமல் ஆரம்பித்தது. படிக்கட்டு இருமல் என்று நினைத்துக்கொண்டாள். படிக்கட்டை விட்டு ஒரு மாசமாகிவிட்டது என்பது ஞாபகம் வரவில்லை.

பன்னிரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை, தையல்காரர் மெஷினில் ஏறி நின்றார். ஐம்பத்தெட்டு. அவர் வந்ததிலிருந்து அதுதான் அதிகம். வார்டே கைதட்டியது.

"வீட்டுக்குப் போனதும் உங்களுக்கு ஒரு கோட் தைக்கறேன் சிஸ்டர். இந்த அளவுக்கே."

"அதுக்குள்ள நான் இளைச்சிருப்பேன் அங்கிள்."

"இளைச்சா பிடிச்சுக்கலாம்."

வியாழக்கிழமை காலை, பால் வருவதற்கு முன்னால் அவர் செத்துப்போனார்.

டாக்டர் ரிஜிஸ்டரைப் புரட்டினார். "பத்து வாரமா எடை ஏறிட்டே வந்திருக்கு. நல்லா தேறிட்டிருந்த ஆளு. எப்படிய்யா போனார்?"

வார்டு அண்ணன் அவரை ஒற்றை ஆளாக, துணி மூட்டையைத் தூக்குகிற மாதிரித் தூக்கி ஸ்டிரெச்சரில் வைத்தார். வைத்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் ரிஜிஸ்டரில் ஒன்பதாம் கட்டிலுக்கு நேரே கோடு போட்டாள். கடைசி எடை ஐம்பத்தெட்டு. ஆரோக்கியமாகத்தான் செத்திருக்கிறார், காகிதத்தில்.

அதே வாரம் அவளுக்குக் கடைசி எடை. அறுபத்தாறு. எழுதினாள்.

திங்கட்கிழமை டியூட்டர் மேடம் மற்ற பிள்ளைகளை எல்லாம் ஃபிட்னஸுக்கு அனுப்பிவிட்டு, இவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள், டாக்டர் வாயாலேயே முடியாது என்று சொல்ல வைப்பதற்கு.

டாக்டர் அறையில் புது மெஷின். கண்ணாடித் தட்டு, சிவப்பு நம்பர். ஏறினாள்.

நாற்பத்தேழு.

இறங்கினாள். செருப்பைப் போட்டுக்கொண்டாள். கத்தரிக்கோல், டார்ச், பேனா எல்லாம் பையில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டு மறுபடி ஏறினாள்.

நாற்பத்தேழரை.

"அறுபத்திரண்டுக்குக் கீழதானே சார்?" என்றாள். முகம் மலர்ந்துவிட்டது. "பாஸா சார்?"

டாக்டர் அவள் கழுத்தெலும்பைப் பார்த்தார். "எத்தனை நாளா இருமல்?"

"அது படிக்கட்டு இருமல் சார்."

எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரலில் மேல் பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு. சளியிலும் கிருமி.

டியூட்டர் மேடம் ரிஜிஸ்டரைக் கொண்டுவந்து மேஜைமேல் அடித்தாள். "போன வாரம் அறுபத்தாறு, உன் கையெழுத்து! நாலு நாளைக்குள்ள பத்தொன்பது கிலோ எங்கடி போச்சு? நோயை மறைக்கத்தானே பொய்க்கணக்கு எழுதின?"

"மேடம், மெஷின்ல அப்படித்தான் காட்டுச்சு. வந்து பாருங்க மேடம்..."

"மெஷின் பொய் சொல்லுமா?"

வார்டு வரைக்கும் நடந்துபோய் அதைப் பார்க்கலாம் என்று அந்த அறையில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மனுஷி பொய் சொல்வாள் என்றால் எல்லாரும் நம்புவார்கள், அதற்குப் படிப்பே தேவையில்லை.

பரீட்சைப் பட்டியலில் அவள் பேரை அடித்தார்கள். ஆறு மாசம் மருந்து, ரிஜிஸ்டரில் பொய் எழுதியதற்கு விசாரணை. அம்மாவுக்குப் போன் செய்து, "ஒரு வருஷம் கூடக் குனியணும்மா" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து "சாப்பிட்டியாடி?" என்று வந்தது.

அவளைச் சேர்க்கக் காலியாக இருந்தது ஒரு கட்டில்தான். ஒன்பது.

மறுநாள் காலையில் ரிஜிஸ்டரைப் பிடித்துக்கொண்டு ஒரு புதுப் பிள்ளை வந்தாள். வார்டு அண்ணன் ஸ்டோரிலிருந்து மெஷினைத் தூக்கி வந்தார், மேலே துடைத்தார், சாய்த்து வைத்து அடியிலும் துடைத்தார். முதலில் ஒன்பதாம் கட்டிலின் கால்மாட்டில்தான் கொண்டுவந்து வைத்தார்.

"ஏறுங்க சிஸ்டர்."

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். "வேணாம் அண்ணே. இனி ஒரு கிலோ குறைஞ்சாலும் என்னால தாங்க முடியாது."

அண்ணன் புதுப் பிள்ளை பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். கிட்டே குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"தைரியமா ஏறுங்க சிஸ்டர். நான் இருக்கற வரைக்கும் இந்த வார்டுல யாருக்கும் எடை குறையாது. பாவம், குறைஞ்சா அழறாங்களேன்னு, தினம் துடைக்கும்போதே அடியில இருக்கற திருகை ஒரு சுண்டு சுண்டி விட்டுடறேன்."