நீச்சல், சைக்கிள், வேட்டி

ஐம்பத்து மூன்றாவது வயதில் விளையாட்டு வீரனாவது என்று நான் முடிவெடுத்தேன். உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக அல்ல. ஏழு வீடுகளிடமிருந்து தப்பிப்பதற்காக.

எங்கள் மகள் நளினிக்கு அடுத்த மாதம் கல்யாணம். பத்திரிகை அச்சாகி மூன்று மாதம் ஆகிறது. ஊரில் பாதிப் பேருக்கு அதைப் படமெடுத்துக் கைப்பேசியில் அனுப்பியாயிற்று. ஆனால் என் அப்பா வழிப் பெரியவர்கள் ஏழு வீட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அப்படி அனுப்ப முடியாது. நானும் என் மனைவி காஞ்சனாவும் ஜோடியாகப் போக வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். அதுவும் வயது வரிசைப்படி. மூத்தவருக்கு முன்னால் இளையவருக்குக் கொடுத்துவிட்டால் மூத்தவர் கல்யாணத்துக்கு வரமாட்டார். அவர் வராவிட்டால் மற்ற ஆறு வீடும் வராது.

"வாட்ஸ்அப்புல கூப்பிட்டா, வாட்ஸ்அப்புலயே வந்து சாப்பிட்டுட்டுப் போறோம்" என்று காளியம்மா அத்தை முன்கூட்டியே அறிவித்துவிட்டார்.

போய்க் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கோப்பி உண்டு. கோப்பியோடு ஒரு குறை உண்டு. நான் ஐந்து வயதில் அவர்கள் வாத்தைத் துரத்தியதில் தொடங்கி இன்று வரைக்கும் வருவார்கள். எனக்குப் பொறுமை கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர் புக்கிட் செலம்பாவ் விளையாட்டு மன்றத்தின் அறிவிப்பைப் பார்த்தேன். டிரையத்லான். முதலில் பழைய மணல் குட்டையில் ஐந்நூறு மீட்டர் நீச்சல். பிறகு இருபது கிலோமீட்டர் சைக்கிள். பிறகு ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தைச் சுற்றி. கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓடுவேன். உடனே பெயரைக் கொடுத்தேன்.

"ஞாயித்துக்கெழம பெரியப்பா வீட்டுக்குப் போலாமாங்க?" என்றாள் காஞ்சனா.

"பயிற்சி இருக்கு."

"அடுத்த ஞாயிறு?"

"நீளமான பயிற்சி."

"அதுக்கடுத்த ஞாயிறு?"

"அன்னிக்கு ஓய்வு."

"ஓய்வுன்னா வரலாமே?"

"ஓய்வெடுக்கறதும் பயிற்சிதான்லா. புத்தகத்துல போட்டிருக்கு."

காஞ்சனா சண்டை போடவில்லை. தட்டைத் துடைத்து அலமாரியில் வைத்தாள். "சரிங்க. உங்க போட்டி நல்லா நடக்கட்டும்" என்றாள். இருபத்தேழு வருட வாழ்க்கையில் அவள் இவ்வளவு சீக்கிரம் விட்டுக் கொடுத்ததில்லை. வெற்றிக் களிப்பில் நான் அதைக் கவனிக்கவில்லை.

என் திட்டம் எளிமையானது. போட்டி முடிந்ததும் இரண்டு வாரம் கால்வலி. அதற்குள் கல்யாணமே வந்துவிடும். அவளே தனியாகப் போய்க் கொடுத்துவிடுவாள்.

ஒரே ஒரு பயம் இருந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முடிக்காதவர்களை, பின்னால் வரும் லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். சொந்த ஊரில், சொந்தச் சாலையில், சொந்தக்காரர்கள் பார்க்க, லோரியில் உட்கார்ந்து போவதா? எங்கள் தொழிற்சாலையில் கையுறைப் பெட்டி அடுக்குகிறவர்கள் வரைக்கும் நான் பெருமை அடித்து வைத்திருந்தேன்.

போட்டி நாள் வந்தது. காலை ஏழு மணி. மன்றத் தலைவர் இஞ்ஞாசிமுத்து ஒலிபெருக்கியில் விதிகளைச் சொல்லத் தொடங்கினார். காஞ்சனா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மொதப் பத்திரிகை சாமிக்குங்க. கோயில் பக்கத்துலதான் இருக்கு. ஒரு நிமிஷம்."

சாமி கோப்பி கொடுக்கமாட்டார். குறையும் சொல்லமாட்டார். போனேன். திரும்பி வந்தபோது விதிகளைச் சொல்லி முடித்திருந்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். எதற்கென்று தெரியாமல் நானும் தட்டினேன்.

நீச்சலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். எனக்குப் பின்னால் ஒரே ஒருவர்தான் வந்தார். அவர் காப்பாற்றும் படகில் இருந்தவர்.

கரையேறிச் சைக்கிளை எடுத்தேன். சாலையில் முதல் வீடு இருளப்பன் சித்தப்பாவுடையது. அவர் வாசலில் நின்றார். சலவைச் சட்டை, நெற்றியில் சந்தனம். காலை எட்டு மணிக்கு இவர் ஏன் இப்படி நிற்கிறார்? கையை ஆட்டிவிட்டுத் தப்பிவிடலாம் என்று வேகமாக மிதித்தேன். அவரே கத்தினார்.

"எங்கிட்ட நிக்காதடா! மொதல்ல அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வா!"

எனக்குப் புரியவில்லை. எந்த அண்ணன்? நான் எதற்குப் போக வேண்டும்?

அடுத்த வளைவில் போட்டிக்கான அம்புக்குறி இடது பக்கம் காட்டியது. செம்பனை மரங்களுக்குள் போகிற மண் பாதை. அது முட்டுச் சந்து. பக்கிரிசாமி பெரியப்பா வீட்டோடு முடிகிறது. எந்த மடையன் சைக்கிள் போட்டிக்கு முட்டுச் சந்தைத் தேர்ந்தெடுப்பான்? திட்டிக்கொண்டே உள்ளே போனேன்.

பெரியப்பா வீட்டு வாசலில் எங்கள் வெள்ளை மைவி கார் நின்றது. பக்கத்தில் பட்டுச் சேலையில் காஞ்சனா. கையில் தட்டு.

"எறங்குங்க" என்றாள்.

"நீ எப்படி இங்க வந்தே?"

"காடியில."

"அது தெரியுது. நான் இங்க வருவேன்னு எப்படித் தெரியும்?"

"போட்டி இந்தப் பக்கந்தானே?"

"போட்டி ஏன் இந்தப் பக்கம்?"

"என்னைக் கேட்டா? கையைத் தூக்குங்க."

தூக்கினேன். அவள் என் இடுப்பைச் சுற்றி ஒரு வேட்டியை வைத்து அழுத்தினாள். ஒட்டிக்கொண்டது. கட்டத் தெரியாத இளைஞர்களுக்காக விற்கிற வேட்டி. மூன்று நொடிதான் ஆனது. நீச்சலுடையிலிருந்து சைக்கிளுக்கு மாற எனக்கு ஏழு நிமிடம் ஆகியிருந்தது.

பெரியப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தலையில என்னடா சட்டி?"

"ஹெல்மெட் பெரியப்பா."

"கழட்டிட்டுக் குடு. சாமி கும்புடறப்போ தொப்பி போடுவியா?"

கழற்றினேன். இருவரும் சேர்ந்து தட்டை நீட்டினோம். அவர் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பத்திரிகையை முதல் எழுத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். கோப்பி வந்தது.

"குடிக்காம போனா மரியாதை இல்லை" என்றாள் காஞ்சனா என் காதில்.

குடித்தேன். நாக்கு வெந்தது. காஞ்சனா வேட்டியைப் பர்ரென்று பிய்த்தாள். "மிதிங்க!"

திரும்பி வந்தபோது சித்தப்பா சாலையின் நடுவில் நின்றார். "இப்போ நில்லு" என்றார். வெள்ளை மைவி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

அதன்பிறகு எனக்குத் தலை சுற்றியது. பாதை நேராகப் போகாது. ஒரு வீட்டைத் தாண்டிப் போய், அடுத்த வீட்டில் நின்று, மறுபடி பழைய வீட்டுக்கே வளைந்து வரும். எங்கே திரும்பினாலும் அம்புக்குறி. அம்புக்குறி முடிகிற இடத்தில் காஞ்சனா. மூன்றாவது வீட்டில் நான் நீச்சல் கண்ணாடியைத் தட்டில் வைத்துவிட்டேன். நாலாவது வீட்டில் குங்குமம் வியர்வையில் வழிந்தது. அதைப் பார்த்துப் பயந்துபோன தொண்டர் ஒருவர் முதலுதவிப் பெட்டியோடு ஓடிவந்தார்.

சைக்கிளை விட்டு ஓடத் தொடங்கினேன். வழியில் ஒரு மலாய்க்காரப் பெண் தண்ணீர்க் கோப்பையை நீட்டினாள். நான் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "குடும்பத்தோட வந்துடுங்க" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே, "பாய்க், பாக்சிக்!" என்றாள். சரி மாமா என்கிறாள். வந்தால் வரட்டும்.

ஐந்தாவது, காளியம்மா அத்தை வீடு.

"நின்னுக்கிட்டுக் குடுக்கற பத்திரிகையை நான் வாங்கமாட்டேன்" என்றார் அத்தை. "உக்காரு."

"அத்தே, உக்காந்தா எந்திரிக்க முடியாது."

"என் வீட்டுல உக்காரக் கசக்குதா? அன்னிக்கு என் வாத்தைத் தொரத்துனப்போ மட்டும் நாள் பூரா இங்கதானே கெடந்தே?"

உட்கார்ந்தேன். தொடை இரண்டும் பிடித்துக்கொண்டன. கோப்பி குடித்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். புறப்பட்டு இரண்டு மணி நேரம் இரண்டு நிமிடம்.

முடிந்தது. நேரம் கடந்துவிட்டது. இன்னும் மூன்று கிலோமீட்டர் இருந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் லோரிச் சத்தம் கேட்டது. ஓட்டுநர் அம்மாசி இறங்கி உள்ளே வந்தான். எனக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறவன். நாளைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அம்மாசி எனக்கு எதிரில் உட்கார்ந்தான். அத்தை அவனுக்கும் ஒரு கோப்பி கொடுத்தார்.

"வா, ஏத்திட்டுப் போ" என்றேன்.

"எதுக்குண்ணே?"

"நேரம் முடிஞ்சிடுச்சேடா."

"உங்களுக்கு இன்னும் நேரம் இருக்குண்ணே. முறுக்கு நல்லா இருக்கு, எடுத்துக்குங்க."

கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தேன். அது சத்தம் போடாத வகை. இவன் பொய் சொல்கிறானா? கடிகாரம் பொய் சொல்கிறதா? காஞ்சனாவும் அத்தையும் ஆளுக்கொரு கையைப் பிடித்து என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். வேட்டி பர்ரென்றது. ஓடினேன். லோரி எனக்குப் பின்னால் மெதுவாக, மரியாதையாக வந்தது.

ஆறாவது வீட்டில் நானே கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். ஏழாவது, கடைக்குட்டி யோகேஸ்வரி அத்தை வீடு. முடிவுக்கோட்டுக்கு நானூறு மீட்டர் முன்னால் இருந்தது. அங்கே கோப்பி இல்லை, மைலோ. அதைக் குடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஓடினேன்.

கோட்டைத் தொட்டபோது கடிகாரம் இரண்டு மணி நேரம் ஐம்பத்திரண்டு நிமிடம் காட்டியது. அங்கே எல்லாரும் கைதட்டினார்கள். இஞ்ஞாசிமுத்து ஓடிவந்து என் கழுத்தில் பதக்கத்தைப் போட்டார்.

"எனக்கெதுக்குங்க பதக்கம்? ரெண்டு மணி நேரம் தாண்டிடுச்சே!"

"மூணு மணி நேரம்லா அண்ணே. காலையிலதான் சொன்னேனே. எல்லாரும் கை தட்டுனாங்களே, கேக்கலையா?"

"ஏன் மூணு மணி?"

"பாதை போட்டவங்க கேட்டாங்க, ஒரு மணி நேரம் கூட்டினோம்."

"யாருங்க அந்தப் பாதையைப் போட்டது?"

இஞ்ஞாசிமுத்து என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அண்ணி உங்ககிட்ட சொல்லலையா? அவங்கதானே எங்க செயலாளர். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நீங்க சைக்கிள் மிதிக்கப் போயிடுவீங்களாம், வீட்டுல போரடிக்குதுன்னு கூட்டத்துக்கு வந்தாங்க. எந்தத் திருப்பம் மொதல்ல, எந்தத் திருப்பம் பின்னாலன்னு ஒரு தாள்ல எழுதி, ரொம்பக் கவனமாப் போட்டாங்கண்ணே. தோட்டம் பூரா அவங்களுக்கு அத்துப்படி."

திரும்பிப் பார்த்தேன். காஞ்சனா மைவியில் சாய்ந்து நின்று, காலித் தட்டைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்குள் கோபமும் பெருமையும் கலந்து வந்தன. எதை முதலில் காட்டுவது என்று தெரியவில்லை. பெருமையைக் காட்டினேன்.

"பாத்தியா காஞ்சனா! வழியில ஏழு வீடு. ஏழு வேட்டி. அதுக்குப் போன நேரத்தைக் கழிச்சா, நான் ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே முடிச்சிருப்பேன். ஒரு மணி நேரம் கூட்டிக் கேட்டியே, ஏழு வீட்டுக்கும் சரியாத்தான் கணக்குப் போட்டிருக்கே."

"ஏழு வீட்டுக்கும் சேத்து அரை மணி நேரந்தாங்க ஆச்சு. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"அப்போ மீதி அரை மணி?"

காஞ்சனா துண்டால் என் நெற்றியைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்:

"அது உங்க ஓட்டத்துக்குங்க."