காப்புக் கட்டிய வஞ்சரம்

சேலையூர் கேம்ப் ரோட்டில் சிக்னல் பச்சைக்கு மாறியும் வண்டிகள் நகரவில்லை. பின்னால் நின்ற பஸ் டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. முதல் வரிசையில் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தவர் பதறாமல் தன் இடது மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். அதில் கட்டியிருந்த கறுப்புப் பட்டையில் ஒரு சிவப்புப் பொட்டு எரிந்தது.

"எனக்கு இன்னும் டைம் ஓப்பன் ஆகலை சார். சுத்திக்கிட்டுப் போங்க."

"இன்னாய்யா பேஜாரா கீது! மேல எரியுற பச்சை கண்ணுக்குத் தெர்லியா?" என்றார் டிரைவர்.

மேலே எரிவது அரசாங்கத்தின் பச்சை. அதை யார் நம்புவார்கள்? கையில் எரிவதல்லவா காலயோகி பரணி ஜியின் பச்சை!

அந்தப் பட்டைக்குக் காலக்காப்பு என்று பெயர். கையில் கட்டிக்கொண்டு போனில் அதன் ஆப்பை இறக்கிக்கொண்டால் போதும். உங்கள் பிராணனை அளந்து, எந்த நேரத்தில் மெயில் அனுப்பலாம், எப்போது துணி துவைக்கலாம், மேனேஜரிடம் லீவு கேட்க எது நல்ல வேளை என்று அதுவே சொல்லிவிடும். பச்சை எரிந்தால் செய்யலாம், சிவப்பு எரிந்தால் கூடாது. அவசரமாக ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்றால் ஆப்பில் 'பரிகாரம்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கி ரீசார்ஜ் செய்தால் கிரகங்கள் வழிவிடும்.

மத பேதம் பார்க்காத காப்பு அது. ஆப்பில் மதத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு கட்டம் உண்டு. இந்துவுக்கு நட்சத்திரம் வரும், கிறிஸ்தவருக்கு வசனம் வரும். நாத்திகருக்கு 'சயின்ஸ்' என்று தனியாக ஒன்று வைத்திருந்தார்கள். எதைத் தொட்டாலும் அதே சிவப்பும் அதே பச்சையும்தான் வந்தன. ஒற்றுமை என்றால் அப்படி ஒரு ஒற்றுமை.

பரணி ஜி யார் என்றால், முன்பு காட்டாங்குளத்தூர் பக்கம் மாணவர்களுக்கு ஞாபகசக்தி எண்ணெய் விற்றவர். எண்ணெய் தேய்த்த தலைகள் மொத்தமாக அரியர் வைத்ததும் ஊரை மாற்றினார், தொழிலையும் மாற்றினார். படிக்கிற பிள்ளைகளைவிட வேலைக்குப் போகிற பெரியவர்களை ஏமாற்றுவது சுலபம் என்று கண்டுகொண்ட புத்திசாலி. நேரமில்லை நேரமில்லை என்று ஓடுகிறவனுக்கு யோசிக்கவும் நேரம் இருக்காதே!

எப்சி குடியிருந்த அடுக்குமாடியில் காப்பில்லாத கை அவளுடையது மட்டும்தான். அவள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்துகிறவள். சங்கச் செயலாளர் சக்திவேல், காப்பு சிவப்பாக இருக்கிறது என்று மோட்டார் போடாமல் விட்டு, ஒரு காலைப்பொழுது முழுக்கக் குடியிருப்பையே தண்ணீரில்லாமல் தவிக்க விட்டார். மூன்றாவது மாடி ஷீலா தன் காப்பை வேலைக்கு வரும் அம்மணியின் கையில் கட்டிவிட்டுத் தூங்கப் போவாள். அம்மணி பெருக்கித் துடைத்துப் பாத்திரம் தேய்த்ததெல்லாம் ஷீலாவின் உழைப்புப் புள்ளியில் ஏறும். அந்த மாதத்தின் 'உழைப்புச் செம்மல்' விருது ஷீலாவுக்குக் கிடைத்தபோது, அம்மணிதான் அதற்கும் தூசி தட்டினாள்.

இதையெல்லாம் பார்த்து எப்சி சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், தன் வீட்டுக்காரர் ஃபிரெடியும் ஒன்றைக் கட்டிக்கொண்டு வரும்வரை.

ஃபிரெடிக்குக் கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. ஏற்கெனவே அவர் போனில் வேலைப் பட்டியலுக்கு ஒரு ஆப், தண்ணீர் குடிக்க ஒரு ஆப், இந்த இரண்டையும் திறந்து பார்க்கச் சொல்லி நினைவூட்ட இன்னொரு ஆப் என்று இருந்தன. அதெல்லாம் போகட்டும். கொஞ்ச நாளாகத் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் ஏறும்போது அவருக்கு நெஞ்சைப் பிடித்தது. குரோம்பேட்டையில் டாக்டர் பார்த்துவிட்டு, "ஆஞ்சியோ பண்ணிப் பார்த்துடலாம். தள்ளிப்போடாதீங்க" என்றார். ஃபிரெடி தலையாட்டிவிட்டு வந்து தள்ளிப்போட்டார்.

"இதய ஆற்றல் தொண்ணூத்திநாலு எப்சி. நீயே பாரு" என்று மணிக்கட்டை நீட்டினார்.

"டாக்டர் என்ன சொன்னாருங்க?"

"டாக்டர் ஒரே ஒரு தடவை பார்த்தாரு. இது ராத்திரி பகலா பார்த்துக்கிட்டே இருக்கு."

"பார்க்குது சரி. அதுக்கு ஏதாவது தெரியுதா?"

ஃபிரெடிக்குக் கோபம் வந்துவிட்டது. ஜோசியம் என்றால் அவரே காறித் துப்புவார், ஆனால் இது டெக்னாலஜியாம். எப்சிக்கு அதற்குமேல் வாதாடத் தெம்பில்லை. மாடியேறி வந்து செருப்பைக் கழற்றும்போது அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அவள் தினமும் பார்த்தாள். இந்த மனிதரை ஒரு ரப்பர் பட்டைக்குப் பறிகொடுத்துவிடுவோமோ என்று நினைத்து ஒருநாள் சமையலறையில் அழவும் செய்தாள்.

சனிக்கிழமை காலை அவள் சமையலறையில் வஞ்சர மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். காப்புக்கு அடியில் தோல் சிவந்து அரிக்கிறது என்று சொறிந்தபடி ஃபிரெடி உள்ளே வந்தார். தேங்காயெண்ணெய் தடவ வேண்டும். ஆனால் காப்பைக் கழற்றினால் 'தொடர்தவம்' அறுந்துவிடும், சேர்த்த புண்ணியமெல்லாம் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும் என்பது ஜியின் சட்டம். அதனால் சேலையூரில் ஒருவர் கழற்றும்போது இன்னொருவர் வாங்கிக் கட்டிக்கொள்வது வழக்கமாகிப்போயிருந்தது.

"சீக்கிரம், ரெண்டு நிமிஷம் நீ கட்டிக்கோ."

"கையெல்லாம் செதிலுங்க."

"ஐயோ, அறுந்துடும் எப்சி! எதையாவது பண்ணு!"

எப்சி பண்ணினாள். காப்பை வாங்கி, வஞ்சரத்தின் வால் பக்கம் இறுக்கிக் கட்டினாள்.

மேடைமேல் இருந்த போன் மணியடித்தது. 'வாழ்த்துகள் ஃபிரெடி! இதய ஆற்றல் 97. மன அழுத்தம் 0. புதிய முயற்சிகளுக்கு உகந்த வேளை!' பச்சை பளிச்சென்று எரிந்தது.

எப்சி மீனைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். "உங்களைவிட மூணு கூட" என்றாள்.

ஃபிரெடியின் முகம் ஒரு கணம் மாறியது. உடனே சமாளித்துக்கொண்டார். "மீன்ல ஒமேகா த்ரீ இருக்குல்ல எப்சி. ஹார்ட்டுக்கு நல்லது."

"இது செத்த மீனுங்க!"

"நாளைக்கு ஜி கூட்டம் இருக்கு. அவர்கிட்டயே கேளு. விளக்குவாரு."

"சரி. அவர் விளக்கம் சொல்ல முடியாம நின்னா, நேரா ஆஸ்பத்திரிக்கு வரணும். சம்மதமா?"

ஃபிரெடி சம்மதித்தார். அவ்வளவு நம்பிக்கை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எப்சி மார்க்கெட்டில் கிளியம்மாளிடம் போய் நின்றாள். கோவளத்திலிருந்து கூடை கொண்டுவருகிறவள் கிளியம்மாள்.

"துண்டு போட்டுறட்டா டீச்சர்?"

"வேணாம். முழுசா குடுங்க."

"இன்னா டீச்சர் அதிசயமா கீது? வூட்ல விசேஷமா?"

"இல்ல, இவரை ஒரு கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்."

கிளியம்மாள் அவளை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு ஐஸை அள்ளிப் போட்டாள்.

கேம்ப் ரோட்டுக் கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. நேரத்தை மிச்சம் பிடிக்கக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் அரை நாளைக் காத்திருந்தே கழித்தார்கள். காவி ஜிப்பாவும் ஜீன்ஸுமாகப் பரணி ஜி மேடையேறியதும் கூட்டம் கைகளைத் தூக்கிக் காப்புகளை ஆட்டியது. வர முடியாத அன்பர்களின் போனைக் கொண்டுவந்தால், ஜி அவர்களைத் தொலைவிலிருந்தே கணிப்பார். கூட்டத்தின் உச்சம் அதுதான்.

எப்சி எழுந்து போனாள். மேடையோரம் ஒரு வெள்ளை ஐஸ் பெட்டியை வைத்தாள். ஃபிரெடியின் போனில் குடும்ப உறுப்பினர் என்று புதிதாக ஒரு பெயரை முதல் நாளே ஏற்றியிருந்தாள். பெயர் ராஜன், பிரிவு சயின்ஸ். தொழில் என்ற கட்டத்தில் நீச்சல் என்று எழுதியிருந்தாள்.

"ஜி, எங்களுக்கு வேண்டப்பட்டவர். படுத்தே இருக்காரு, எழுந்து வர முடியல. காப்பு கட்டியிருக்காரு. இப்ப எப்படி இருக்காருன்னு பார்த்துச் சொல்லணும்."

போனைப் பெரிய திரையில் இணைத்தார்கள். எண்கள் விழுந்தன. ஜி கண்ணை மூடினார்.

"நீச்சல் வீரர்! உடம்பைப் பேணுறவர். அதிகம் பேச மாட்டார், சரியா?"

"ஒரு வார்த்தை பேச மாட்டார் ஜி."

"இதயம் தொண்ணூத்தேழு! மன அழுத்தம் பூஜ்யம்! ஆழ்ந்த உறக்கம் நூத்துக்கு நூறு! படுத்திருக்கார்னு கவலைப்படாதம்மா, அது நோயில்ல, தியானம். தூரப் பயணம் ஒண்ணு வாய்க்கும்."

"வந்தாச்சு ஜி. கோவளத்துலருந்து."

"பாத்தீங்களா!" ஜி கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "பரபரப்பில்ல, பதற்றமில்ல. எல்லாரும் இவரைப் போல ஆகணும்!"

மண்டபம் அதிரக் கைதட்டியது. முன்வரிசையில் ஃபிரெடி மட்டும் தட்டவில்லை. அவருடைய இரண்டு கைகளும் மடியிலேயே கிடந்தன.

எப்சி பெட்டியைத் திறந்தாள். வஞ்சரத்தைத் தூக்கிப் பிடித்தாள். வாலில், ஃபிரெடியிடம் கேட்டு வாங்கிக் கட்டிய காலக்காப்பு பச்சையாக மின்னியது.

"இவர்தான் ஜி. விடியறதுக்கு முன்னாடியே செத்துட்டார்."

பின்வரிசைக்காரர்கள் நாற்காலிமேல் ஏறி எட்டிப் பார்த்தார்கள். ஜி தொண்டையைக் கனைத்தார். "உயிர் போனாலும் பிராணன் கொஞ்ச நேரம் தங்கும். இது சூட்சுமம். உங்களுக்குப் புரியாது."

"இருக்கலாம் ஜி." எப்சி காப்பை அவிழ்த்து, அவர் முன்னாலிருந்த மைக் ஸ்டாண்டில் கட்டினாள். திரையில் எண் ஓடி நின்றது. இதயம் தொண்ணூற்றைந்து. "மைக்குக்கும் பிராணன் இருக்கா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எப்சி வகுப்பில் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாள். "இதோட அடியில ஒரு சின்ன விளக்கு இருக்கு. எதைக் கட்டினாலும் வெளிச்சம் பட்டுத் திரும்பும், அதை நாடின்னு எண்ணிக்கும். மிச்ச நம்பரை ஆப் தன் இஷ்டத்துக்குப் போடும். நம்பாதீங்க. என்னையும் நம்பாதீங்க. கழட்டி எதுல வேணும்னாலும் கட்டிப் பாருங்க."

முதலில் கழற்றியவர் சக்திவேல்தான். பிளாஸ்டிக் நாற்காலியின் கையில் கட்டிவிட்டுப் போனைப் பார்த்தார். அடுத்த கணம் அலறினார். "நாற்காலிக்குப் பச்சை சார்! எனக்குக் காலையிலருந்து சிவப்பு!"

அவ்வளவுதான். தண்ணீர் பாட்டிலுக்குக் கட்டினார்கள், குடைக்குக் கட்டினார்கள், மண்டபத்து வாழைமரத்துக் குலையில் ஒரு காய் விடாமல் கட்டினார்கள். குலை முழுக்க ஆரோக்கியம். ஷீலா தன் காப்பைத் தேடினாள். அது வீட்டில் அம்மணியின் கையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டம் மேடையை நோக்கிப் பாய்ந்தபோது பரணி ஜி சமையல்கட்டு வழியாக ஓட்டமெடுத்தார். கிளம்ப நல்ல நேரமா என்று அவர் கையைத் திருப்பிப் பார்க்கவே இல்லை.

ஃபிரெடி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். நெற்றியில் வேர்த்திருந்தது. எப்சி பக்கத்தில் வந்து நின்றாள்.

"நாளைக்குப் போலாமா எப்சி?"

"இப்பவே போறோம். எழுந்திருங்க."

ஆஞ்சியோவில் இரண்டு அடைப்பு தெரிந்தது. அன்றைக்கே ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் பேச்சே வேறு என்று டாக்டர் சொன்னதும் எப்சி சுவரில் சாய்ந்து நன்றாக அழுதாள். மறுநாள் கண் விழித்த ஃபிரெடி, "மீனைவிட எனக்கு மூணு கம்மின்னு தெரிஞ்சப்பவாவது யோசிச்சிருக்கணும்" என்றார். சிரிக்கப் பார்த்தார், வலித்தது.

மாலையில் சக்திவேல் சாத்துக்குடிப் பையுடன் பார்க்க வந்தார். நலம் விசாரித்தார், பரணி ஜியைத் திட்டினார். பிறகு நாற்காலியை எப்சியின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், அந்த வஞ்சரம் எந்தக் கூடையில வாங்கினீங்க? ஃபிரெடி சாரையே காப்பாத்தியிருக்கு. அது சாதாரண மீனா இருக்காதுன்னு நம்ம பிளாக்ல எல்லாரும் பேசிக்கிறாங்க."

எப்சி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சாதாரண மீன்தான் சார். தலையை வெட்டிட்டுக் கொண்டுவந்திருந்தாலும் அதே தொண்ணூத்தேழுதான் காட்டியிருக்கும். அந்தக் காப்புக்குத் தலையே தேவையில்ல, அதான் நம்ம பிளாக்ல அப்படி வித்துச்சு. ஆனா நமக்குன்னு ஆளுக்கொரு தலை இருக்கு சார். அதுக்கு சார்ஜ்கூடப் போட வேண்டாம்."