பேர்சென்ற் அண்ணையின் ஹீற்றர்

சுவிஸில் காருக்குள் இருந்துகொண்டே குளிரில் விறைத்துப்போன தமிழர்கள் யார் யார் என்று கணக்கெடுத்தால், அத்தனை பேரும் பேர்சென்ற் அண்ணையின் காரில் ஏறியவர்களாகத்தான் இருப்பார்கள். வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூட அவ்வளவு விறைத்ததில்லை.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. நாங்கள் இருக்கிற பாடன் நகரில் அது யாருக்கும் ஞாபகமில்லை. பழைய மின்சாரக் கார் ஒன்றை வாங்கிய நாளிலிருந்து மனிதர் வாயைத் திறந்தால் பற்றரியில் எத்தனை பேர்சென்ற் மிச்சம் என்ற கதைதான்.

"சுகமோ அண்ணை?"

"அறுபத்தெட்டு. காலமை எண்பதிலதான் வெளிக்கிட்டனான். இந்தப் பனி அப்பிடியே உறிஞ்சிப்போட்டுது."

மார்கழி பிறந்துவிட்டால் அந்தக் காருக்குள் ஹீற்றர் என்ற சொல்லையே எடுக்கக்கூடாது. கோடையில் உற்சாகமாக ஓடுகிற கார் குளிரில் பாதித் தூரத்திலேயே இளைக்கத் தொடங்கிவிடும்; ஹீற்றரும் போட்டால் மிச்சமும் போய்விடும் என்பார். அவர் சொன்னது உண்மைதான், அதுதான் கொடுமை. ஏறியவுடன் விமானத்தில் கொடுப்பதுபோல ஆளுக்கொரு போர்வை நீட்டுவார். எங்கள் மூச்சு கண்ணாடியில் படியத் தொடங்கியதும், "ஒருத்தரும் கதைக்காதேங்கோ, ரோட்டு மறைக்குது" என்று அதட்டுவார். நாலு தமிழர்கள் ஒரு காருக்குள் வாய் திறக்காமல் சூரிச் வரை போன அதிசயம் அதற்குள்தான் நடந்தது.

யாராவது முணுமுணுத்தால், "ஊரில சண்டைக்குள்ள பெற்றோல் இல்லாத காலத்தில மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓடினவன் நான். எனக்கோ வாகனம் ஓட்டப் படிப்பிக்கிறியள்?" என்று கேட்பார். ஹோர்ன்கூட அடிக்கமாட்டார். அதுவும் பற்றரியைத் தின்னுமாம்.

வாடகை வீடு என்பதால் கராஜில் சார்ஜர் பூட்ட வீட்டு நிர்வாகம் விடவில்லை. அண்ணை விடுவாரா? எங்கள் கட்டடத்தில் நிலக்கீழ் கராஜுக்குப் பக்கத்திலேயே உடுப்புத் தோய்க்கும் அறை. ஒவ்வொரு வீட்டுக்கும் தோய்க்க ஒரு நாள். அன்றைக்கு அங்கே ஓடுகிற மின்சாரம் அந்த வீட்டு மீற்றரில் ஏறும். அண்ணையின் முறை வந்தால் விடியற்காலையே வயரோடு இறங்கிவிடுவார். மெசினைக் கழற்றிவிட்டு அந்தப் பிளக்கில் காரைக் கொழுவுவார். சுவிஸ்காரருக்குத் தோய்க்கும் நாள் என்பது கோயில் திருவிழா மாதிரி. மேல்வீட்டு அம்மா கீழே வந்து, வெறும் மெசினையும் கதவால் போகிற வயரையும் பார்த்துப் பதறிப்போனார்.

"உடுப்பு எங்கே?"

"இண்டைக்கு என்ர நாள். என்ன தோய்க்கிறது எண்டது என்ர விருப்பம்" என்று அண்ணை சுவிஸ் ஜெர்மனில் விளக்கினார். அந்த அம்மா விதிமுறைப் பலகையை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். கார் தோய்க்கக்கூடாது என்று அதில் எங்கும் இல்லை.

அவருடைய மனைவிதான் பாவம். உடுப்புக் கூடையோடு எங்கள் வீட்டு வாசலில் நின்று, "தம்பி, உங்கட முறை எப்ப வருது?" என்று கேட்பார்.

இவ்வளவையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். ஜெனீவாப் பயணத்துக்கு வந்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

கனடாவில் இருந்த அவருடைய அக்கா பாரிஸில் ஒரு கலியாணத்துக்கு வந்து, ஜெனீவாவில் விமானம் மாறித் திரும்பிப் போக இருந்தார். நடுவில் சில மணித்தியாலம்தான். ஊரைவிட்டு வந்தபிறகு அக்காவும் தம்பியும் நேரில் சந்தித்ததே இல்லை. பெற்றோல் இல்லாமல் ஓடும் காரை அக்கா நம்பவில்லை. "ஏத்திக் காட்டடா, அப்ப நம்புறன்" என்று சொல்லியிருந்தாராம். ஏரிக்கரையால் ஒரு சுற்றுக் கூட்டிப்போவது அண்ணையின் திட்டம்.

"அக்கா ஏறினாப்பிறகு ஹீற்றர் புல்லா விடுவன். அதுவரைக்கும் ஒருத்தரும் அதில கை வைக்கக்கூடாது."

எங்களுக்கும் அன்று ஜெனீவாவில் ஓர் அலுவல். என் மனைவி வதனி அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. ரயிலில் போகிறோம் என்றால் அண்ணை கேட்கவேண்டுமே! தொப்பி, கையுறையோடு அவர் ஓட்ட, நாங்கள் போர்வைக்குள் முடங்கியிருந்தோம்.

பேர்ணில் திட்டப்படி சார்ஜ் போட்டாயிற்று. ஏரிப் பக்கம் நெருங்க நெருங்க பீஸ் என்கிற வடகாற்று பிடித்து உலுக்கியது. வதனி உள்ளங்கையில் ஊதிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் அதைப் பார்த்த அண்ணை கையுறையைக் கழற்றி ஒரு பொத்தானை அமத்தினார். சூடான காற்று வந்தது. கார்தான் பழுதாகிவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

"அண்ணை, அக்காவுக்கு எண்டு வச்சிருந்தது..."

"பேசாமல் வாடா. வயித்துப்பிள்ளைக்காரி நடுங்குறாள்."

லோசானுக்குக் கிட்ட எச்சரிக்கை விளக்கு எரிந்தது. சார்ஜ் போடும் இடத்தில் ஒரு கம்பம் பழுது. மற்றதில் ஏற்கெனவே ஒரு கார். எங்கள் முறை வந்தபோது, குளிர்ந்த பற்றரி மருந்து குடிக்கிற பிள்ளை மாதிரி துளித்துளியாகத்தான் வாங்கியது.

"அண்ணை, இங்கயிருந்து ரயில் எடுத்தால் நேரத்துக்குப் போயிடுவியள். காரை நாங்கள் கொண்டு வாறம்" என்றேன்.

"காரில ஏத்துறன் எண்டல்லோ சொன்னனான். கார் இல்லாமல் போய் என்னெண்டு முகத்தில முழிக்கிறது?"

வதனியும் கெஞ்சிப் பார்த்தாள். மனிதர் அசையவில்லை. திரும்ப ஓடத் தொடங்கியதும் ஹீற்றரையாவது நிற்பாட்டச் சொன்னாள். அதற்கும் கேட்கவில்லை.

விமான நிலைய வாசலில் காரை நிறுத்தும்போது போன் அடித்தது.

"தம்பி, உள்ள வந்திட்டனடா. பிளேனுக்குக் கூப்பிட்டிட்டாங்கள், இனித் திரும்பி வரேலாது." பிறகு அக்காவே கேட்டார், "கார் கொண்டந்தனியோ?"

"ஓம் அக்கா. வாசல்லதான் நிக்குது."

"அப்ப ஒருக்கா ஹோர்ன் அடி, கேப்பம்."

ஹோர்னைத் தொடாத அந்த மனிதர் போனை யன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு அமத்தினார். விடாமல் அமத்தினார். ரக்சிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காவலாளி ஒருவர் ஓடிவந்து பிரெஞ்சில் ஏசினார். அண்ணையின் முகத்தைப் பார்த்ததும் அவர் ஏசுவதை நிறுத்திவிட்டார்.

"கேக்குதடா, கேக்குது! நல்ல சத்தம்" என்று போனில் அக்கா சிரித்தார்.

அடுத்த வருடம் கட்டாயம் வருவதாகச் சொன்னார். அதற்குள் நெஞ்சு நோவு வந்து கனடாவிலேயே காலமாகிவிட்டார்.

"ரயிலில போயிருக்கலாமடா" என்று ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னார் அண்ணை. அதற்குப் பிறகு யாரிடமும் பற்றரிக் கதை சொல்வதில்லை. யார் ஏறினாலும் முதலே ஹீற்றரைப் போட்டுவைக்கிறார். என் மகளுக்கு அது சூட்டுக் கார். நாங்கள் பட்ட குளிரைச் சொன்னால் அவள் நம்புவதில்லை.

ஆனால் தனியாகப் போகும்போது மனிதர் இன்னும் தொப்பியும் கையுறையும்தான். ஏன் என்று கேட்டேன்.

"எனக்கென்னத்துக்கு? ஆள் ஏறினாப் போடுவன்."

அதனால் குளிர்காலத்தில் அவர் தனியாகக் கடைக்கு வெளிக்கிடுவது யன்னலால் தெரிந்தால், நானும் ஜக்கெற்றை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறேன். எனக்கு வாங்க ஒன்றும் இருப்பதில்லை. நான் ஏறினால் ஹீற்றர் போடுவார், அவருக்கும் கொஞ்சம் குளிர் விடும்.